இஷொய் கடையில் ஒரு மீன் ரோல்

இஷொய் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தமிழ்க் கடை. வேலை செய்துகொண்டே ஊர் சுற்றும் ஒரு வருட விசாவில் மெல்பேர்னிலிருந்து இந்த ஐரோப்பிய நாட்டுக்கு வந்திருக்கிறேன். வங்கிக் கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை. கணக்கு இல்லாமல் வேலையிடத்திலிருந்து சம்பளம் வராது. இதை நான் சொன்னதும் கடைக்காரர் ஒரு மீன் ரோலை என் முன் வைக்கிறார்.

"காசு பிறகு பாப்பம். அதுவரைக்கும் சம்பளத்தை என்ரை கணக்குக்குப் போடச் சொல்லுங்கோ பிள்ளை. நான் எடுத்துத் தாறன்."

ஒரு கடி கடித்துவிட்டு ரோலைக் கீழே வைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்திமேல் ஏன் இவ்வளவு கரிசனை? அவர் கணக்குக்குப் போகும் பணத்தில் என் கைக்கு எவ்வளவு வரும்?

"ஊரிலை எவடம்?"

உண்மையைச் சொன்னால், ஊர்க்காரர் வழியே செய்தி போய், மாலைக்குள் மெல்பேர்னில் அம்மாவின் தொலைபேசி அடிக்கும். "சாவகச்சேரி" என்கிறேன், வாய்க்கு வந்தபடி.

அவர் முகம் மலர்கிறது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிடுகிறார். "இஞ்சை வாரும், உம்மடை ஊர்ப் பிள்ளை!"

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி வருகிறார். "சாவகச்சேரியிலை எவடம்?"

"சந்தைக்குக் கிட்ட."

"சந்தைக்கு எந்தப் பக்கம்? அப்பான்ரை பேர் என்ன?"

நான் பருப்புப் பொதிகளைப் பார்க்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

"கணக்குத் திறந்தாப் பிறகு வாங்கோ," என்கிறார் கடைக்காரர். இப்போது 'பிள்ளை' இல்லை.

மனைவி மேசையின் காசு லாச்சியைத் தள்ளி மூடிவிட்டு என்னிடம் கையை நீட்டுகிறார்.

"அந்த ரோலுக்குக் காசு?"