குழாய்க்குக் கீழே

நான்காம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு. 'பி' பிரிவு இன்னொரு டீச்சருக்கு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கத்துச் சிரிப்பு இந்தப் பக்கம் முழுதாகக் கேட்கும்.

தென்காசியில் இந்தப் பள்ளிக்கு வருமுன் பத்திரிகை ஒன்றில் செய்தி திருத்துகிற வேலை பார்த்தேன். அதனால் மேலே, கீழே, பின்னால் என்று இடம் சொல்லும் சொற்களைச் சேர்த்து எழுதும் பாடம் வந்தபோது, எனக்கு ஈடாக யாரும் இல்லை என்று நினைத்தேன். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எந்தப் பிரிவின் நோட்டுகளைப் பெற்றோர் பார்க்க வாசலில் வைப்பது என்று ஹெச்.எம். வெள்ளிக்கிழமை முடிவு செய்வார். என் பிரிவாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அந்த டீச்சருடையதாக இருக்கக் கூடாது என்று அதைவிட அதிகமாக விரும்பினேன்.

கரும்பலகையில் பத்து வாக்கியம் எழுதிப் போட்டேன். 'புத்தகம் மேசையின் மேல் இருக்கிறது.' பிள்ளைகள் பிழையில்லாமல் பார்த்து எழுதினார்கள். தடுப்புக்கு அப்பால் ஒரே கும்மாளம். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் ரப்பரை ஒளித்துவைத்து, இடத்தை நோட்டில் எழுதி இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தது. படித்தவர் கண்டெடுத்தால் எழுதியவருக்கு மதிப்பெண். ஐந்து நிமிடத்தில் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

"ஒங்க பிள்ளைகளும் வெளாடட்டுமே சார்," என்றார் டீச்சர்.

"நமக்குப் பாடம் கெடக்கு டீச்சர்."

வியாழக்கிழமை அவர் விடுப்பு. அன்றுதான் அந்த விளையாட்டை நடத்தினேன். ஆனால் நோட்டுகளை மாற்றிக்கொள்வதற்கு முன் எல்லாவற்றையும் வாங்கித் திருத்தினேன். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருப்பவரின் மகள் எழுதியிருந்தாள்: 'தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், உடைந்த குழாய்க்குக் கீழே, செங்கலுக்கு அடியில்.' சிவப்பு மையால் அடித்து, 'குழாய்க்குக் கீழே' என்பதை மட்டும் விட்டேன். பத்திரிகையில் ஒற்றைப் பத்திச் செய்திக்கு அதுவே அதிகம்.

அவள் நோட்டை வாங்கித் தேடப் போனவன் சாரலில் நனைந்து திரும்பி வந்தான்.

"எந்தக் குழா சார்? அங்கன ஏழு குழா இருக்குல்லா." அவளிடம் திரும்பினான். "ஏட்டி, ஒழுங்கா எழுத மாட்டியா?"

"நான் எழுதுனேன்லே! சார்தான் வெட்டிட்டாவ."

மூன்று ரப்பர்தான் கிடைத்தன. மழை வலுத்ததால் எல்லோரையும் உள்ளே அழைத்துவிட்டேன். தடுப்புக்கு மேல் ஒரு தலை எழுந்தது. "ஏலே, ஒங்க சார் சொன்ன எடத்துல ஒண்ணும் இல்லியாமே!"

வெள்ளிக்கிழமை ஹெச்.எம். என் நோட்டுகளைப் புரட்டினார். "சுத்தமா இருக்கு சார்," என்றார். பிறகு 'பி' பிரிவின் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை பழக்கடைக்காரர் வாசல் மேசையில் அந்த நோட்டுகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் வகுப்புக்கு ஓடித் தன் நோட்டைக் கொண்டுவந்தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை அவர் விரலால் தடவித் தடவிப் படித்தார். தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். செங்கலைப் புரட்டி, ரப்பரை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"ஒங்க பிள்ள என்னமா எழுதியிருக்கா சார்!" என்றார் என் பக்கத்தில் நின்ற டீச்சர்.

அவர் பாராட்டியது அவளைத்தான். ஒன்பது வயதுப் பிள்ளையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.