பெருநாள் வரிசையில் ஓர் இடம்

பாமோயின் தொழில் தண்ணீர் இறைப்பது. கபாரா ஆற்றுத்துறையில், பலகை பலகையாக வெட்டிய உப்பை ஏற்றி ஜென்னே நகருக்குப் போகும் படகுகளில் ஆணி கிடையாது. மரப்பலகைகளைப் புளிச்சைச் செடியின் நாரால் தைத்திருப்பார்கள். தையல் கசியும். அதனால் ஒருவன் சுரைக்குடுவையோடு அடியில் குந்தி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பயணத்தின் இருபது நாளும். பதினோரு வருஷமாக அந்த ஒருவன் பாமோய்தான்.

போன மழைக்காலத்தில் அவன் இஸ்லாத்துக்கு வந்தான். வணிகரும் சுமைகாரனும் தொழுகையில் தோள் உரச நிற்பதைப் பார்த்தானாம். அவன் சொன்ன காரணம் அவ்வளவுதான். ஆனால் படகு கரையில் நிற்கும்போதெல்லாம் மற்றவர்கள் இறங்கித் தொழுதார்கள், அவன் இறைத்துக்கொண்டிருந்தான். வரிசையில் ஒருநாளும் நின்றதில்லை.

நோன்பின் கடைசி மாலை, தெபோ ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் படகைக் கட்டினார்கள். பிறை தெரிந்தது.

"நாளைக்கு நானும் வரிசைல நிக்கப் போறேன்," என்றான் பாமோய்.

படகோட்டி ஹமா சிரித்தான். பழைய நம்பிக்கையை விடாத அவன், இன்றும் ஆற்றுத் தெய்வத்துக்குக் கம்பங்கூழ் ஊற்றிவிட்டுத்தான் கழியைத் தொடுவான். "பகல் பூரா குனியறே, நிமிர்றே. இதுக்கு மேல என்னடா தொழுகை?"

உப்புக்குச் சொந்தக்காரர் சிலாமக்கான் சிரிக்கவில்லை. "படகுலயே தொழுதுக்கப்பா. முடியாதவனுக்குச் சலுகை இருக்கு."

"சலுகை வேணாம் முதலாளி. வரிசை வேணும்."

"உப்பு நனைஞ்சுதுன்னா இந்தப் படகுல உனக்கு வேலை இல்ல. ஞாபகம் வச்சுக்கோ."

இருட்டுவதற்குள் இலவம்பஞ்சை வெண்ணெயில் தோய்த்துத் தையல் இடுக்குகளில் திணித்தான். விடிந்தபோது அடியில் கணுக்கால் தண்ணீர். அதை இறைத்தான். மறுபடி ஊறியது. மற்றவர்கள் குளித்து உடுத்தக் கிராமத்துக்குள் போயிருந்தார்கள்.

குடுவையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்று உறைத்தது. நனையக் கூடாதது உப்புதான். படகு நனைந்தால் என்ன? இத்தனை வருஷமாக இது தோன்றாததற்குக் காரணம் உண்டு. இறைப்பவன் உப்பைத் தொடுவதில்லை. அது சுமைகாரர்களின் வேலை, அவர்கள் ஜென்னேயில் இருந்தார்கள்.

மணலில் சுள்ளிகளைப் பரப்பினான். முப்பது உப்புப் பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு வளர்ந்த ஆட்டின் கனம். ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிக் கரையில் அடுக்கினான். இருபத்து மூன்றாவதில் கால் வழுக்கியது. பலகை இரண்டாக உடைந்தது. துண்டுகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனான்.

பெருநாள் தொழுகை வரிசையில், இடுப்புவரை ஈரமாக அவன் வந்து நின்ற இடம் சிலாமக்கானுக்குப் பக்கம். நெற்றி மணலில் பட்டபோதும் காது கரையில்தான் இருந்தது. அப்படிப்பட்ட தொழுகை முழுமையானதா என்று சொல்வது கடினம். ஆனால் சிலாமக்கானின் காதும் அங்கேதான் இருந்தது.

தொழுகை முடிந்ததும் அவர் படகை நோக்கி ஏறக்குறைய ஓடினார். சுமை இறங்கிய படகு மேலெழும்பி நின்றது. மோசமாகக் கசியும் தையல்கள் தண்ணீருக்கு மேலே வந்திருந்தன.

"யாரைக் கேட்டு உப்பைத் தொட்டே?"

"யாரையும் கேக்கல."

பலகைகளின் அடியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. உடைந்ததன் முன்னால் நின்றார்.

அந்தப் பயணத்துக்குப் பாமோயின் கூலி ஒரு முழுப் பலகை. "அந்த உடைஞ்சதுதான் என் கூலி முதலாளி," என்றான்.

"உடைஞ்சதுக்கு ஜென்னேல பாதி கூடத் தேறாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

சிலாமக்கான் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு, "ஏத்து," என்றார்.

"நான் கை குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்ற ஹமா, முதல் பலகையின் மறுமுனையைப் பிடித்தான்.

மதியத்துக்குள் படகு பழைய ஆழத்துக்கு அமிழ்ந்தது. பாமோய் அடியில் இறங்கிக் குடுவையை எடுத்தான். கழியோடு நின்ற ஹமாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எந்தக் கரைல இருப்போம்?"

"ஏன்டா, இன்னொரு கூலியை உடைக்கணுமா?"

"மணல் கரையா, சேத்துக் கரையா? அத மட்டும் சொல்லுங்க."