ஒரு கப்பும் நிற்கக் கூடாது

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் றொபேர்ட்டுக்கும் வன்னியிலிருந்த அண்ணன் அருள்நேசனுக்கும் ஒரு நாடகக் கொட்டகையால் தீராத சண்டை. ஊரில் காணி தம்பியுடையது, மரக் கப்புகள் நட்டுக் கொட்டகை கட்டியது அண்ணன். முன்னொரு காலத்தில் லண்டனிலும் இதே வில்லங்கம் வந்து, நாடகக்காரர்கள் அரங்கையே கழற்றிக்கொண்டு போனார்களாம் என்று றொபேர்ட்டின் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து டேனிஷில் சொன்னாள். றொபேர்ட் அதையே பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட கொட்டகையைக் கழட்டிக்கொண்டு போங்கோ. என்ர காணியில ஒரு கப்பும் நிக்கக் கூடாது" என்று தொலைபேசியில் கத்தினார்.

அருள்நேசன் கழற்றினார். அந்த மரங்களையே தன் பதுங்குகுழிப் பங்கருக்குக் கூரையாகப் போட்டார். செல் குண்டு விழுந்தபோது அவை தாங்கவில்லை.

போர் முடிந்தபின் முகாமிலிருந்து அண்ணி கதைத்தார்.

"அவரை உம்மட காணியிலதான் குழி வெட்டித் தாட்டனாங்கள், தம்பி. வேற இடமிருக்கேல்லை. ஒரு கப்பும் நிக்கக் கூடாதெண்டு சொன்னனீர்தானே. அதால தலைமாட்டில குருசு நடேல்லை."