பசியாறியாச்சா என்று நான் கேட்கவில்லை

வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வந்திருக்கும் அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். நான் சொல்லப்போவது பெருமையான விஷயம் இல்லை. இதே அம்மன் சந்நிதியில் நின்று, ஒருத்தி தடுக்கி விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்.

அவள் பெயர் கஸ்தூரி. இருவரும் ஒன்றாகத் தாதியர் படிப்பை முடித்து, ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் ஒரே நாளில் சேர்ந்தோம். புதுத் தாதியருக்கு ஆறு மாதம் கட்டாயப் பயிற்சி. கையில் ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுப்பார்கள். ஒவ்வொரு வேலையையும் சரியாகச் செய்து காட்டினால் வார்டு சிஸ்டர் அதில் கையெழுத்துப் போடுவார். எல்லாக் கையெழுத்தும் வாங்கினால்தான் வேலை நிலைக்கும்.

நாலாம் மாதமே கஸ்தூரியின் புத்தகம் நிறைந்துவிட்டது. என்னுடையதில் பாதிப் பக்கம் வெள்ளை. எனக்கு வயிறு எரிந்தது. நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். சிஸ்டர் என்னைக் கூப்பிடும்போதே வாய் தவறி "கஸ்தூரி" என்பார். மாலைவரை அவள் கொண்டை கலையாமல் இருப்பதுகூட எனக்குப் பொறுக்காது. எனக்கு அவள் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

காலையில் தமிழ் நோயாளிகளிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். "இது ஆஸ்பத்திரிலா, எஸ்டேட் இல்ல," என்று கிண்டல் செய்வேன். எங்கள் வீட்டிலும் காலைப் பலகாரம் சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். ஆனால் சீருடை போட்டுக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் இங்கே வந்து அழுதேன். "தாயே, பெரிசா ஒரு தப்பு நடக்கணும். எல்லாரும் பாக்கணும்." மனதில் இருந்தது அவள் முகம்.

அடுத்த திங்கட்கிழமை குடலிறக்க அறுவைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவரைத் தயார் செய்வது என் பொறுப்பு. கையெழுத்து வாங்கும் அவசரம் எனக்கு.

"சாப்டீங்களா அங்கிள்?"

"இல்ல மிஸ்ஸி, சாப்பாட்டத் தொடவே இல்ல."

வெறும் வயிறு என்று படிவத்தில் குறித்தேன். வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டு நிமிடத்தில் கஸ்தூரி ஓடி வந்தாள். லிப்ட் வாசலில் பெரியவரிடம் வழக்கம்போல, "பசியாறியாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆச்சுலா, மக ரொட்டி சானாய் ரெண்டு வாங்கியாந்தா," என்றாராம். நமக்குச் சாப்பாடு என்றால் சோறு. ரொட்டியும் தேத்தண்ணீரும் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. அந்த வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்தால், உள்ளே இருப்பது மேலேறி மூச்சை அடைத்துவிடும். உயிரே போகலாம்.

"லிப்ட் கதவு மூடிருச்சு. நீ போன் பண்ணு, நான் படியில ஓடுறேன்!"

அறுவைக் கூடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. "தாயே, எனக்குக் கையெழுத்து வேணாம். வேலையே வேணாம். அந்த மனுஷனக் காப்பாத்து." அழுதேன். அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். அறுவைக் கூடத்து வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். கஸ்தூரி மூச்சு வாங்க அங்கே நின்றிருந்தாளாம்.

யார் கண்டுபிடித்தது என்று சிஸ்டர் கேட்டபோது, "ரெண்டு பேரும்தான்," என்றாள் அவள். என்னால் தாங்க முடியவில்லை. முழுக்க ஒப்புக்கொண்டேன். சிஸ்டர் என்னை ஏசினார், பயிற்சியை ஒரு மாதம் நீட்டினார். ஆனால் விரட்டவில்லை. பெரியவருக்கு மறுநாள் அறுவை நடந்தது, நல்லபடியாக வீடு போனார். என் புத்தகமும் பிறகு நிறைந்தது. இப்போது எந்த நோயாளியானாலும் சாப்பாடும் கேட்பேன், பசியாறியதும் கேட்பேன்.

அம்மா என் வேண்டுதலை அப்படியே கேட்டாள். தப்பு நடந்தது, எல்லாரும் பார்த்தார்கள். ஆளை மட்டும் மாற்றிவிட்டாள்.

உங்களுக்கும் யார்மேலாவது வயிறு எரிந்தால் மறைக்காமல் இவளிடம் கொட்டுங்கள். அந்த ஆளின் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யுங்கள். நான் கஸ்தூரியிடம் நட்சத்திரம் கேட்டு வாங்கி, வாராவாரம் செய்கிறேன். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவள் பெயரைச் சொன்னேன். போன வாரம் குருக்கள் என் பெயரைக் கேட்டார். வாய் தவறி, "கஸ்தூரி," என்றேன்.