தொளதொளப் போர்வை

என் அத்தை செயற்கைக்கோள்களுக்குப் போர்வை தைக்கிறாள். சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. விண்வெளி மையத்தில் ஊசி நூலுக்கு என்ன வேலை என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். மேலே போனால் வெயில் படுகிற பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். உள்ளே இருக்கிற பேட்டரிக்கும் கருவிகளுக்கும் இரண்டுமே ஆகாது. அதனால்தான் போர்வை என்றேன். அத்தை எனக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

ஒரு போர்வைக்குப் பதினைந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் வெள்ளி போல மின்னும் அலுமினியப் பூச்சுள்ள பிளாஸ்டிக் தாள், வெங்காயத் தோலைவிட மெல்லியது. தாளும் தாளும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் கொசுவலை போல ஒரு வலைத்துணி. தொட்டால் அந்த இடத்தில் சூடு கடந்துவிடும். மேல் தாள் மட்டும் பொன்னிறம். கல்யாணமான புதிதில் அதைத் தங்கம் என்று நினைத்து, ஒரு துண்டாவது கொண்டு வரச் சொல்லி மாமா நச்சரித்தாராம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மாமாவுக்கு அந்தச் சந்தேகம் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. "என் சட்டைக்கு ரெண்டு பட்டன் இல்ல. ஆகாசத்துல சுத்துற பெட்டிக்குப் பதினஞ்சு அடுக்குல போர்வை" என்று அவ்வப்போது முனகுவார். பட்டனை அவரே தைத்துக்கொள்வார்.

அத்தை முன்பு கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். தையல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று மையம் விளம்பரம் கொடுத்தபோது நூற்றுப் பத்துப் பேர் போனார்கள். கையுறை போட்டுக்கொண்டு அந்த மெல்லிய தாளில் கிழியாமல் ஒரு முழத்துக்குத் தைக்க வேண்டும். மூன்று பேர் தேறினார்கள். பதினான்கு வருடங்களில் பதினொரு செயற்கைக்கோள்களுக்குத் தைத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அது இல்லாமல் அந்த அறையில் ஊசியைத் தொட முடியாது.

அந்த அறையைப் பற்றிப் பேசும்போது அத்தையின் முகமே மாறிவிடும். வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, மூக்குக்கு முகமூடி, வடிகட்டிய குளிர்ந்த காற்று. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. "எட்டு மணி நேரம் என்னை யாரும் தேட முடியாது. இதுக்குச் சம்பளம் வேற கொடுக்கிறாங்க" என்பாள்.

என் அம்மாவும் தையல்காரிதான். மாமாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இரண்டு இயந்திரங்களோடு கடை வைத்திருக்கிறாள். அம்மா தைத்த சட்டை உடம்பில் ஊற்றி வைத்த மாதிரி நிற்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தம்பி மனைவியை "ராக்கெட்டு" என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருடம் செய்தித்தாளில் ஒரு செயற்கைக்கோளின் படம் வந்தது. அத்தை அதை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"இதுவா நீ தச்சது? தூங்கி எழுந்த படுக்கை மாதிரி கெடக்கு."

"அது தொளதொளன்னுதான் இருக்கணும் அண்ணி."

"தைக்க வராதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, ராக்கெட்டு."

கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை செய்கிற பெண் கொண்டுவந்த டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனதை நான் மட்டும் கவனித்தேன்.

அடுத்து வந்தது மழை மேகங்களைப் பார்க்கப் போகிற செயற்கைக்கோள். சோதனை முடிந்து வெளியே வந்ததும் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பேட்டரி இருக்கிற பக்கம்தான் கேமராவைப் பார்த்து நிற்கும். அந்தப் பக்கத்துப் போர்வைதான் எல்லாவற்றிலும் பெரியது. போர்வையின் ஓரத்தில் ஒட்டுப்பட்டை தைத்திருக்கும். அதற்கு ஜோடியான பட்டை செயற்கைக்கோளின் உடம்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போர்வை நிற்கும். பொருத்துவதற்கு முந்தின நாள் அத்தை தன் பக்கத்துப் பட்டையைப் பிரித்து, சுற்றிலும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்தாள். மறுநாள் போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல் விறைப்பாக உட்கார்ந்தது. தர ஆய்வாளர் தையலைப் பார்த்தார், போர்வையைச் செயற்கைக்கோளின் உடம்போடு சேர்க்கிற மின்கம்பியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "இந்தத் தடவை கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்றும் சொன்னார். அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தப் படம் வரட்டும் அண்ணி, அப்புறம் பேசலாம் என்று சவால் விட்டுப் போனாள்.

செயற்கைக்கோளைப் பெரிய இரும்பு உருளைக்குள் வைத்துக் கதவை மூடினார்கள். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுவர்களைக் குளிர வைத்து, மேலே இருக்கப்போகிற நிலைமையைக் கீழேயே உண்டாக்கிப் பார்க்கிற சோதனை அது. நான்காம் நாள் பேட்டரி இருக்க வேண்டியதைவிட நான்கு டிகிரி குளிர்ந்திருந்தது. அதற்குச் சூடு கொடுக்கிற ஹீட்டர் ஓயாமல் எரிந்தும் போதவில்லை.

கூட்டம் போட்டார்கள். ஹீட்டரில் கோளாறு என்றார் ஒருவர், வெப்பமானியில் என்றார் இன்னொருவர். பக்கவாட்டுப் பலகையைத் திறந்து பேட்டரியை வெளியே எடுப்பதென்று பேச்சு போனது. அதற்கு இரண்டு மாதம் ஆகும். ஏவுதளத்தில் முறை தவறிவிடும். போர்வையை யார் கழற்றுவது என்று கேட்பதற்காக அத்தையையும் கூப்பிட்டிருந்தார்கள். கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. இழுத்துக் கட்டியதால் மூலைகளில் பதினைந்து அடுக்கும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். பேட்டரியின் சூடு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அறையில் இருந்த வேறு யாருக்கும் அது தெரியாது. வாயைத் திறந்தால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் அந்த வெள்ளை அறை போகும், பழையபடி கூடாரம்தான். திறக்காவிட்டால் நல்ல ஹீட்டரைத் தேடித் தேடி இவர்கள் இரண்டு மாதம் அல்லாடுவார்கள்.

எழுந்து நின்றாளாம். "சார், ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. தப்பு என் கையில. போர்வையை இழுத்து வச்சுட்டேன்."

பிரிவுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு?"

"அரை விரல் சார்."

"மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

"எட்டு."

"ஏன்?"

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "போட்டோ எடுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. வெப்பக் கணக்குப் பார்க்கிற பெண் மட்டும் உடனே எதையோ தட்டி, நான்கு டிகிரிக்குக் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது என்றாள். தலைவர் மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். உருளையைச் சூடாக்கித் திறக்கச் சொன்னார்.

அன்று அத்தை நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா வெகுநேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நான் சொன்னதாலயா?"

"நீங்க ஆயிரம் சொல்வீங்க அண்ணி. என் புத்தி எங்க போச்சு?"

அன்று அம்மா அத்தையை ராக்கெட்டு என்று கூப்பிடவில்லை.

பட்டையைப் பழைய இடத்துக்கு மாற்றித் தைப்பதற்கு அத்தையின் சக தையல்காரி வந்தாள். அத்தை சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவளுடைய சான்றிதழை ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் பிறகு தேர்வு. மறுபடி உருளையை மூடிய நாள் முதல் அம்மா தினமும் மாமாவுக்குப் போன் போட்டாள். நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை, "அந்தப் பெட்டிக்குக் குளிர் விட்டுச்சா?" என்ற ஒரே கேள்விதான். ஐந்தாம் நாள் விட்டது. பேட்டரி இருக்க வேண்டிய சூட்டில் இருந்தது, ஹீட்டர் நடுநடுவே ஓய்வெடுத்து எரிந்தது.

அந்த ஒரு மாதமும் அத்தை ஊசியைத் தொடாமல் போர்வைகளுக்கான காகித மாதிரிகள் வெட்டினாள். தேர்வில், பதினான்கு வருடங்களுக்கு முன் செய்தது போலவே, ஒரு முழத்துக்குத் தைத்துக் காட்டினாள். தேறிவிட்டாள். வேலை விதிகளில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: பொருத்திய பின் போர்வையை மூலைகளில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும், கிள்ள வராவிட்டால் கழற்ற வேண்டும். விஞ்ஞானத்துக்குத் தான் கொடுத்தது அந்த ஒரு வரி என்று அத்தை சொல்லிக்கொள்கிறாள்.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொன்னிறப் போர்வை மூலைக்கு மூலை சுருங்கிக் கிடந்தது. அம்மா அதை வெட்டி, கடையில் அளவு எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அன்று அத்தையும் கடையில் இருந்தாள். மாமாவின் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். கை அளவு கொடுக்க நின்ற வாடிக்கையாளர் ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய சாமானுக்கு இப்படிக் கசங்கின துணியையா சுத்துவாங்க?" என்றாள்.

அம்மா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"அது கசங்கல் இல்லம்மா. கணக்கு. எட்டு மில்லிமீட்டர் இழுத்தாலும் உள்ள இருக்கிறது குளிர்ல வெறைச்சுப் போயிடும். கையைத் தூக்குங்க."

அத்தை தலையை நிமிர்த்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பட்டனை எடுத்தாள்.