மரவீட்டுக்குள் காயப்போட்ட ஷீட்டுகள்

மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, முழுக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய மரவீடு ஒன்றில் வேலை பார்க்கிறேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. முதலாளி கொழும்பில். காவல், சாவி, சலவை எல்லாம் என் பொறுப்பு. கூட்டித் துடைக்க எங்கள் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் வந்துகொண்டிருந்தார். இருபது வருஷம் கொழுந்தெடுத்து, முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபோது கிடைத்த வேலை அவருக்கு. "இங்க தரை தட்டையா இருக்கு தம்பி, எனக்கு அது போதும்" என்பார்.

அக்காவின் பேச்சைக் கேட்கவென்றே நான் சீக்கிரம் வேலைக்கு வருவேன். அறையில் இருந்த ஹீட்டரைப் பார்த்து, "அடுப்புன்னு பேரு, ஒரு ரொட்டி சுட வக்கில்ல" என்று ஒரு நாள் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

அந்த வருஷம் ஜூன் மழை விடவே இல்லை. ஆட்கள் வந்தபடி இருந்தார்கள், ஷீட்டுகள் காயவில்லை. நான் பின்னறையில் கயிறு கட்டி, ஜன்னல்களைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டேன். காலையில் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா அன்றைக்கே கேட்டார். "துணியில இருந்த தண்ணி எங்க போச்சு தம்பி? சுவரு குடிச்சிருச்சு."

நம்ம லயத்து வீடுகளிலும் அடுப்புக்கு மேலேதானே துணி போடுகிறோம் என்றேன். அங்கே புகையோடு ஈரமும் கூரை இடுக்கு வழியாகப் போய்விடும், இங்கே போக வழி இல்லையே என்றார். லயத்துத் தகரமும் இதுவும் ஒன்றா என்று நான் கேலி செய்தேன். அக்கா தன் பாட்டுக்கு வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைப்பார். பின்னாலேயே போய் நான் சாத்துவேன்.

மாதம் முடிவதற்குள் அலுமாரிக்குப் பின்னால், கட்டைகளின் இடுக்கில், சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். மரம்தான் வெளுத்தது, ஒரே வாரத்தில் பூசணம் அதே இடத்தில் வந்தது. அப்புறம் அதைவிடப் பெரிய பிழை செய்தேன். அதன் மேலேயே வார்னிஷ் அடித்தேன். ஈரம் உள்ளேயே அடைபட்டு, வார்னிஷ் கொப்பளம் கொப்பளமாகத் தூக்கியது. வந்தவர்கள் மக்கின வாசம் என்று முறையிட, முதலாளி நேரிலேயே வந்துவிட்டார்.

மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி என்னிடம் கேட்டார், "இதையெல்லாம் தொடைக்கிறதே இல்லையா?"

அக்கா வாளியோடு வாசலில் நின்றார். அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான்தான் உள்ளே காயப்போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வேறு வார்த்தை வந்தது.

"தொடைக்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா."

அக்கா வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா மறுபடியும் கொழுந்தெடுக்கப் போனார்.

அதற்குப் பிறகுதான் அக்கா சொன்னபடி ஈரம் வெளியே போக வழி செய்தேன். மழை விட்ட நாட்களில் வார்னிஷைச் சுரண்டினேன். சமையலுக்குப் போடும் வினாகிரியைத் தடவி ஒரு மணிநேரம் விட்டு, மரத்தின் ரேகையோடு பிரஷ் போட்டு, பிழிந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் உலர விட்டேன். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஷீட்டுகளுக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டேன். அடுத்த மழைக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை.

முதலாளி போனில் பாராட்டினார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "அதை விடு, இப்ப வர்ற பொண்ணும் நல்லாத்தானே செய்யுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஷீட்டெல்லாம் இப்ப எங்க காயுது?"

"வெளிய, தகரத்துக்குக் கீழக்கா."

"நல்லது. எனக்கு நாளைக்கு அஞ்சாம் நம்பர் மலை" என்று எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

அஞ்சாம் நம்பர் தேயிலை மலை, மரவீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. செங்குத்து. பத்து மணிக்குப் பனி விலகியதும் நான் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். திறந்தால், ஒரு காலை ஊன்றி மற்றதை இழுத்து இழுத்து ஒருவர் ஏறுவது தெரியும்.