கல்லறைத் தோட்டத்துக்கு வந்த சம்பந்தம்

கோயமுத்தூரில் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு மருதாசலம் காவலாளாகப் போனது, அன்னூரில் அவருடைய கிணறு வற்றிய வருஷத்தில். பாறை தட்டும்வரை வெட்டிப் பார்த்தார். பாறைக்கும் வெடி வைத்துப் பார்த்தார். ஈரம் கண்டது, தண்ணீர் காணவில்லை. நிலம் தம்பி கைக்குப் போனது. மனைவி பழனாத்தாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவர் டவுனுக்கு வந்துவிட்டார்.

தோட்டத்துக்குள்ளேயே மதிலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு கொடுத்தார்கள். புல் செதுக்க வேண்டும், சாய்ந்த கல்லை நிமிர்த்த வேண்டும், காலையில் கேட்டைத் திறந்து பொழுது சாயப் பூட்ட வேண்டும். கிணறு வெட்டிய கை ஆனதால் மண் எங்கே இளகும், எங்கே இறுகும் என்று அவருக்குத் தெரியும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார். சாய்வு இருந்தால் அடியில் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்குவார். அவர் காலத்தில் அங்கே ஒரு கல்கூட விழவில்லை.

சொந்தக்காரர்கள் வருவது நின்றுபோனது. பழனாத்தாள் இறந்தபோது வந்தவர்கள்கூட நொய்யல் கரையில் காரியம் முடிந்ததும் அப்படியே ஊர் திரும்பினார்கள். கல்லறைக்குள் இருக்கும் வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மகன் திருமூர்த்தியை அவர் தனியாகவே வளர்த்தார், தொழிற்பள்ளியில் படிக்க வைத்தார். போத்தனூர் ரயில்வேயில் அவனுக்கு சிக்னல் மெக்கானிக் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். தன்னோடு வந்துவிடும்படி அவன் கூப்பிட்டான். இரண்டு நாள் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

கொங்கு நாட்டு ஜனங்கள் உப்பு வாங்கின கடையில்கூட "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். கல்லறையிலும் சாவு வீட்டிலும் மட்டும் சொல்லக்கூடாது. அதனால் மருதாசலத்திடம் யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. பேசிக்கொண்டே இருப்பார்கள், சட்டென்று திரும்பி நடப்பார்கள். தபால்காரரும் அப்படித்தான், ஓடு மாற்ற வந்த கொத்தனாரும் அப்படித்தான். வருஷக்கணக்காகப் பார்த்ததில் அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஊர் வாசகசாலைக்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுஜனங்களைக் கூட்டி வந்து பழைய கல்லறைகளைச் சுற்றிக் காட்டுவது. அதை நடத்தியவர் நஞ்சுண்டன், ஹைஸ்கூலில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்லில் இருக்கும் எழுத்தை அவர் வாசிப்பார். அதற்கு மேல் என்ன நடந்தது என்று கூட்டம் கேட்கும். முந்தின காவலாள் சொல்லிவிட்டுப் போன கதைகள் மருதாசலத்திடம் இருந்தன. இரண்டாவது மாதத்திலிருந்து பாதிப் பேச்சு அவருடையதானது.

"இவரு காப்பித் தோட்டத்துத் தொரைங்க. மலையில காய்ச்சல் கண்டு, மாட்டு வண்டியில போட்டுக் கொண்டாந்தாங்க. பாதி வழியிலயே உசுரு போயிருச்சுங்க. பொணம்னு தெரிஞ்சா காளைக மெரளும்னு, வண்டிக்காரன் தொரைகிட்டப் பேசிக்கிட்டே வண்டிய ஓட்டியாந்தானாம்."

"தொரை பதில் சொன்னாருங்களா?" என்று ஜபருல்லா கேட்பார். கோட்டைமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர். ஒரு மாதமும் தவறாமல் வருவார், ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியைக் கேட்பார்.

"சொல்லியிருந்தா இங்க எதுக்குங்க பாய் படுத்திருக்காரு?"

கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக மருதாசலம் மாதம் முழுக்கக் காத்திருந்தார். சனிக்கிழமை முகச்சவரம் செய்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு ஒரு சட்டி மோர் கரைத்து வீட்டு வாசலில் வைப்பார். யாரும் தொடமாட்டார்கள். எல்லோரும் போன பிறகு சட்டியை எடுத்து வேப்பமரத்துத் தூரில் கவிழ்த்துவிடுவார்.

இப்படி இருக்கும்போது திருமூர்த்திக்குப் பெண் தேட ஆரம்பித்தார். பையன் கறுப்பானாலும் லட்சணம், ரயில்வே உத்தியோகம், கெட்ட பழக்கம் கிடையாது. பேச்சு நன்றாகவே தொடங்கும். "அப்பனுக்கு என்ன ஜோலி?" என்ற இடத்தில் அறுந்துபோகும். வந்த இடமெல்லாம் அப்படியே போனது. இந்தப் பையனுக்கு ஒரு கல்யாணம் முடிந்துவிட வேண்டும். அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

நஞ்சுண்டன்தான் கடைசியில் ஒரு இடம் கொண்டுவந்தார். மதுக்கரையில் அங்கப்பன் என்று ஒருவர், சிமெண்ட் ஆலைக்கு வண்டியில் கல் ஏற்றிவிடுபவர். மகள் சென்னியம்மாள். பையனை அவர்கள் போத்தனூரிலேயே பார்த்துவிட்டார்கள், பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்ப்பது பாக்கி.

"வார ஞாயித்துக்கெழம கூட்டத்தோட கூட்டமா வருவாங்க" என்றார் நஞ்சுண்டன். "வெளிப்படையா வந்து, நாளைக்கு ஒத்து வரலைன்னா, கல்லறைக்குள்ள சம்பந்தம் பேசப் போனவங்கன்னு ஊரு சிரிக்கும். நீங்களும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

"ஒரு கும்புடு போடலாமுங்களா?"

"எல்லாத்துக்கும் போடற கும்புடு போதும்."

மருதாசலம் வீட்டுக்கு உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்தார். ஓட்டை ஓடுகளை மாற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் புதிதாக இரண்டு பேர். தலைப்பாகை கட்டின ஆள் ஒருவர், கண்டாங்கிச் சேலையில் ஒரு அம்மாள். அங்கப்பனும் அவர் மனைவி முத்தாத்தாளும் என்று சொல்லாமலே தெரிந்தது.

தோட்டத் துரையின் கல்லருகே கூட்டம் நின்றபோது முத்தாத்தாள் மெல்ல விலகினாள். வீட்டுப் பக்கம் போகிறாள் என்று மருதாசலம் ஓரக்கண்ணால் கண்டுவிட்டார். கதையில் வண்டி எங்கே நிற்கிறது என்பது மறந்துபோனது. காய்ச்சல் வருவதற்கு முன்பே துரையைச் சாகடித்துவிட்டார்.

"என்னங்க இன்னிக்கி?" என்றார் ஜபருல்லா. "தொரைக்கு முந்தி உங்களுக்குக் காய்ச்சல் வந்திருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கப்பன் சிரிக்கவில்லை. குனிந்து கல்லின் அடியை விரலால் அழுத்திப் பார்த்தார். "ஏனுங்க, இத்தன வருசத்துக் கல்லு, ஒண்ணுகூட சாயல. அடியில என்ன போட்டிருக்கீங்க?"

"சல்லியும் சுண்ணாம்புமுங்க. வருசா வருசம் இறுக்கறதுங்க."

அங்கப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். முத்தாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்து நின்றாள். அந்த முகத்தில் அவரால் எதையும் படிக்க முடியவில்லை.

சுற்றி முடித்ததும் கூட்டம் கேட்டை நோக்கி நடந்தது. சம்பந்தம் பார்க்க வந்தவர்கள் பிடித்திருந்தால், "போயிட்டு வாரோமுங்க, சொல்லி உடறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் பேசாமல் போவார்கள். கேட்டின் கம்பியைப் பிடித்தபடி மருதாசலம் நின்றார். அங்கப்பன் அவரைக் கடந்து போனார். முத்தாத்தாளும் போனாள். ஒரு வார்த்தை இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரும் சொல்லிக்கொள்ளாத இடம் அது என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மட்டும் அது அவருக்கு நினைவு வரவில்லை. வீட்டுக்குப் போனார், மோர்ச் சட்டியைத் தூக்கினார், எட்டிப் பார்க்காமல் வேப்பந்தூரில் கவிழ்த்தார்.

மதுக்கரையிலிருந்து செய்தி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் நஞ்சுண்டன் வீட்டுக்கே போனார். உள்ளே போகாமல் வாசலில் நின்று பேசினார்.

"அவுங்களுக்கு என்னாலதானுங்க சங்கடம். நானு வல்லீங்க. பையனும் பொண்ணும் போத்தனூர்ல இருந்துக்கட்டும், அந்த ஊட்டுக்கு நானு கால் வெக்க மாட்டேன். சீரு செனத்திக்கெல்லாம் அன்னூர்ல எந்தம்பி முன்ன நிப்பான். மாப்பளைக்கு அப்பன் இல்லேன்னே நெனச்சுக்கச் சொல்லுங்க."

"அவுங்க இன்னும் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. அவசரப்படறீங்க."

"சொல்லாம போனதுதாங்க சொன்னது."

நஞ்சுண்டன் அதை மதுக்கரைக்குக் கொண்டுபோனார். உடனே சம்மதம் வந்தது. அன்னூர்த் தம்பி ஓடி வந்து நிச்சயதார்த்தத்துக்கு முன்னே நின்றான். இத்தனை காலம் எட்டிப் பார்க்காதவன், பத்திரிகையில் தன் பெயரைப் போட்டு அடித்துவிட்டான். பெண் வீட்டுச் சொந்தங்களிடம் மாப்பிள்ளைக்கு எல்லாமே சித்தப்பன்தான் என்று பேச்சாகிவிட்டது.

அடுத்த மாதக் கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை அங்கப்பன் மறுபடி வந்தார். கூட்டம் ஒரு டாக்டர் சம்சாரத்தின் கல்லருகே நிற்கும்போது மருதாசலத்தைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, அப்பிடிச் சொல்லி உட்டுட்டீங்க? எங்க மேல என்னங்க வருத்தம்?"

மருதாசலத்துக்கு விளங்கவில்லை. "நீங்க ஒரு வார்த்த சொல்லாம போனீங்களேங்க."

"கல்லறைக்குள்ள நின்னுக்கிட்டு, போயிட்டு வாரோம்னு எப்பிடீங்க சொல்றது?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கு அன்னிக்கே புடிச்சுப்போச்சுங்க" என்றார் அங்கப்பன். "கொலதெய்வத்துகிட்டப் பூவாக்குக் கேட்டுப்போட்டு சொல்லி உடலாம்னு இருந்தோம். சாமி பூக் குடுக்க நாளாச்சு. அதுக்குள்ள நீங்க சொன்னது வந்திருச்சு. சரி, உங்களுக்கு ஏதோ வேண்டுதலாக்கும்னு நெனச்சுக்கிட்டோம். எங்கூட்டுக்காரி உங்கூட்டு மோரக் குடிச்சுப்போட்டு வந்தாளுங்களே, பாக்கலியா? உப்பு செத்த சாஸ்தின்னா."

மருதாசலம் வேப்பமரத்தைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றார் அங்கப்பன்.

"வந்தா, இது ஆருன்னு கேப்பாங்க. என்ன ஜோலின்னு கேப்பாங்க. பந்தல்ல வெச்சு உங்க அம்மணிக்குத் தலகுனிவுங்க. நடந்தது நடந்துபோச்சு, உடுங்க."

அங்கப்பன் இன்னொரு தடவை கூப்பிட்டார். அதற்கு மேல் கூப்பிடவில்லை.

திருமூர்த்தி வந்து சத்தம் போட்டான். கல்யாணமே வேண்டாம் என்றான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லங்கப்பா? ஏன் கேக்கல?" என்றான். "உன்ற கல்யாணம் நடக்கோணும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். கேட்டதற்கு அது பதில் இல்லை. இப்போது அவர் இல்லை. கேள்வி அப்படியே நிற்கிறது. அன்று அவன் கேட்டைத் தாண்டிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, கல்லுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கப் போனார்.

முகூர்த்தம் ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. வாசகசாலைக்காரர்களுக்கும் அதே ஞாயிறுதான். நஞ்சுண்டன் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் கூட்டம் முழுக்க மருதாசலத்தின் பொறுப்பு. மகன் அனுப்பியிருந்த கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். வழக்கத்தைவிட ஜனம் அதிகம். பஞ்சாலை குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். துரையின் கதையை அன்றைக்கு எங்கும் பிசகாமல் சொன்னார்.

ஜபருல்லா தம் கேள்வியைக் கேட்கவில்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, கரை வேட்டி மினுக்குது? என்ன விசேசம்?"

"பையனுக்குக் கல்யாணமுங்க பாய்."

"அட! என்னைக்கு?"

"இன்னிக்குத்தானுங்க. இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க."

ஜபருல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா? மகன் தாலி கட்டற நேரத்துல இவரு இங்க நின்னு நமக்கு வண்டிக்காரன் கதை சொல்றாராம்! இப்பிடிக் கதை கட்டினா தொரையவே பேச வெச்சுருவாரு போலிருக்கே, இந்த ஆளு!"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதுவரை எழுந்ததில்லை. மருதாசலமும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"வெய்யில் ஏறுதுங்க. அந்தப் பக்கம் நெழல் இருக்குது, வாங்க" என்று முன்னால் நடந்தார். எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்து, "இந்தம்மா ஒரு டாக்டர் சம்சாரமுங்க" என்று ஆரம்பித்தார்.